இதய ரத்தக்குழாய் அடைப்பு: சிகிச்சைகள் வந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோ (ஆஞ்சியோகிராம்) முடிந்து படத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு இரண்டு வகைக் கேள்விகள் எழும். ‘எனக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்பது ஒன்று. அதற்கு உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும். ‘இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள், ஆளுக்கு ஆள் ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள்?’ என்பது மற்றொன்று. இந்தப் பக்கம் அந்த இரண்டாவது வகைக்கானது.

அடைப்பு என்றால் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வதுதானே?

பாதி சரி. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்கு மகுடத் தமனிகள் என்று பெயர். இதயத்தின் தலையில் மகுடம் சூட்டியதுபோல் சுற்றிப் படர்ந்திருப்பதால் வந்த பெயர் அது. தொடங்கும் இடத்திலேயே அவற்றின் உள்விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். கொழுப்பு அதற்குள் பிசுக்குப்போல ஒட்டிக்கொள்வதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே சேர்கிறது. சுவர் தடிக்கிறது, ரத்தம் போகும் வழி குறுகுகிறது.

இதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடக்கலாம். வழி மெல்ல மெல்லக் குறுகி, மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சைப் பிசையும் வலியாக வெளிப்படலாம். அல்லது சுவரில் படிந்த கொழுப்பின் மேல்தோல் ஒரு நாள் கிழிந்து, கிழிசலின் மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழி முழுவதுமாக மூடிக்கொள்ளலாம். பின்னது மாரடைப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் இந்த வரலாற்றில் நடந்த சண்டைகளில் பாதிக்குக் காரணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இது இந்தக் காலத்து வாழ்க்கை கொடுத்த நோய்தானே?

மம்மிகள் அப்படிச் சொல்லவில்லை. எகிப்து, பெரு, வட அமெரிக்கா, அலூசியன் தீவுகள் ஆகிய இடங்களில் கிடைத்த 137 மம்மிகளை சிடி ஸ்கேன் செய்து 2013இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட உடல்களில் தமனிகள் தடித்திருந்த தடயம் இருந்தது. அலூசியன் தீவுவாசிகள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள், அவர்களுக்கும் இருந்தது. ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் 5,000 ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்த ‘ஏட்ஸி’ மனிதனின் தமனிகளிலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. இதனால் புகையிலைக்கும் சர்க்கரை நோய்க்கும் பழி இல்லை என்று ஆகிவிடாது. அவை இந்த நோயை முன்கூட்டியே வரவழைக்கின்றன, விரைவுபடுத்துகின்றன. நோய் மட்டும் மனிதனுக்குப் பழையது.

மருத்துவர்கள் இதை எப்போது இனம் கண்டார்கள்?

1768இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். நடக்கும்போது, குறிப்பாக மேடேறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும், நெஞ்சை இறுக்கி வரும் வலி, நின்றால் நின்றுவிடுகிறது என்று விவரித்து, ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயரும் சூட்டினார். இன்றைக்கும் ஒரு மருத்துவ மாணவர் அந்த விவரிப்பை அப்படியே தேர்வில் எழுதலாம். ஆனால் வலிக்குக் காரணம் மகுடத் தமனி என்பது அவருக்குத் தெரியாது.

அதைச் சந்தேகித்தவர் எட்வர்ட் ஜென்னர். அம்மைத் தடுப்பூசி தந்த அதே ஜென்னர்தான். பிரேதப் பரிசோதனையில் மகுடத் தமனிகள் கெட்டித்துப் போயிருந்ததைப் பார்த்தவர், அதை உடனே வெளியில் சொல்லவில்லை. காரணம் அவருடைய ஆசிரியர் ஜான் ஹன்டர். ஹன்டருக்கே அந்த வலி இருந்தது. தன்னை எரிச்சலூட்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று ஹன்டர் சொல்வாராம். 1793இல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றியபோது அங்கேயே சரிந்து இறந்தார். அவருடைய மகுடத் தமனிகளும் கெட்டித்துத்தான் இருந்தன.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வெடிமருந்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நைட்ரோகிளிசரின் டைனமைட்டில் இருப்பதுதான். மாத்திரையில் இருக்கும் அளவு மிகமிகக் குறைவு, வெடிக்காது.

இதற்கு முன்னோடியாக 1867இல் எடின்பரோவின் தாமஸ் லாடர் பிரன்டன், அமைல் நைட்ரைட் என்ற திரவத்தை நோயாளிகளுக்கு முகரக் கொடுத்தார். வலி சட்டென்று தணிந்தது, ஆனால் சீக்கிரமே திரும்பி வந்தது. நைட்ரோகிளிசரின் அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும் என்று 1879இல் லண்டனின் வில்லியம் மர்ரெல் எழுதினார். முதலில் தன் நாக்கிலேயே தொட்டுப் பார்த்து, தலை வெடித்துவிடும்போல் வலித்ததைக் குறிப்பெடுத்துக்கொண்டவர் அவர்.

டைனமைட்டால் பணம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கு இதய நோய் வந்தபோது மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததும் இதே நைட்ரோகிளிசரின்தான். மருந்துக் கடைக்காரரும் மக்களும் மிரண்டுவிடக் கூடாது என்று ‘ட்ரைநைட்ரின்’ எனப் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று 1896இல் ஒரு கடிதத்தில் நண்பருக்கு எழுதியிருக்கிறார். அந்த மருந்து நைட்ரிக் ஆக்சைடு வழியாக வேலை செய்கிறது என்பது நிறுவப்பட ஒரு நூற்றாண்டு ஆனது. நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்கு 1998இல் கிடைத்த பரிசின் பெயரைச் சொல்லவும் வேண்டுமா?

மாரடைப்பு வந்தவர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்தார்களாமே?

1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், மகுடத் தமனி திடீரென அடைபட்டாலும் ஆள் பிழைக்கக்கூடும் என்று எழுதினார். அதுவரை அதைச் சாவு என்றே எண்ணியிருந்தார்கள். பிழைக்கக்கூடும் என்று ஆனதும் பிழைக்க வைக்க ஏதாவது செய்ய வேண்டுமே. கையில் ஒன்றும் இல்லை. ஆகவே ஓய்வு கொடுத்தார்கள்: நான்கு முதல் ஆறு வாரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சாப்பாடு ஊட்டிவிடுவார்கள், புரண்டு படுக்கவும் உதவிக்கு ஆள் வேண்டும். படுத்தே கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தவர்கள் உண்டு.

1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே சக மருத்துவர்களிடமிருந்து அத்தனை எதிர்ப்பு. எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று கணக்கிட்டால், அந்த நாற்காலி பல மருந்துகளைவிட மேலே நிற்கும் என்பது என் எண்ணம்.

இதயத்துக்குள் குழாய் விடும் துணிச்சல் முதலில் யாருக்கு வந்தது?

வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் ஜெர்மனியின் ஏபர்ஸ்வால்ட் என்ற சிற்றூர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். வயது இருபத்தைந்துகூட இல்லை. கைச் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வழியாக மெல்லிய ரப்பர் குழாயை இதயம்வரை செலுத்திவிட முடியும் என்று நம்பினார். தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார்.

கருவிகளின் சாவி அறுவை அரங்கச் செவிலியிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் அவரிடம் பேசிப் பேசி மனத்தைக் கரைத்தார். அந்தப் பெண்மணி, ‘சோதனையை என்மேல் செய்யுங்கள்’ என்று முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் படுக்க வைத்துக் கையையும் காலையும் கட்டினார். பிறகு ஓசைப்படாமல் திரும்பி, தன் இடது முழங்கை மடிப்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிரையைத் திறந்து, சிறுநீர்க் குழாய்க்குப் பயன்படும் கதீட்டரைத் தன் கைக்குள்ளேயே செலுத்தத் தொடங்கினார். செவிலிக்கு விஷயம் புரிந்தபோது அவரால் எழுந்திருக்க முடியாது. கட்டை அவிழ்த்துவிட்டு இருவரும் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள், குழாய் கையில் தொங்கிக்கொண்டிருக்க. அங்கே ஓடிவந்த சக மருத்துவர் அதைப் பிடுங்கி எறியப் பார்த்தார். அவரைத் தள்ளிவிட்டு, திரையில் பார்த்துக்கொண்டே 65 சென்டிமீட்டர்வரை தள்ளி, குழாயின் நுனி வலது மேலறையில் இருப்பதைப் படமெடுத்துக்கொண்டார்.

பாராட்டுக்குப் பதில் கிடைத்தது கேலிதான். பெர்லினின் பெரிய மருத்துவமனையில் வேலை நிலைக்கவில்லை. சிறுநீரக மருத்துவத்துக்குப் போய்விட்டார். அமெரிக்காவில் ஆந்திரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் அந்த வழியைப் பிடித்து முறைப்படுத்தினார்கள். 1956இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வந்தது.

ஆஞ்சியோகிராம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சரியா?

சரிதான். சாயத்தை மகுடத் தமனிக்குள் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று அப்போது உறுதியாக நம்பினார்கள். 1958 அக்டோபர் 30 அன்று கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஓர் இளைஞரின் வால்வைப் பார்ப்பதற்காகப் பெருந்தமனியில் சாயம் செலுத்த ஏற்பாடு செய்திருந்தார். கதீட்டரின் நுனி நழுவி வலது மகுடத் தமனிக்குள் போய் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. சுமார் 30 மில்லி சாயம் முழுவதும் அதற்குள் பாய்ந்தது. சோன்ஸ் பதறி எழுந்தார். இதயம் சில நொடிகள் நின்றது. ‘இருமுங்கள்’ என்று கத்தினார். நோயாளி இருமினார், இதயம் மறுபடி துடித்தது.

நெஞ்சைப் பிளக்கக் கத்தியைத் தேடியவர், பதற்றம் அடங்கியதும் வேறொன்றை யோசித்தார். இவ்வளவு சாயத்தையே தாங்கியது என்றால், கொஞ்சமாகக் கொடுத்தால் தாராளமாகத் தாங்குமே! உயிரோடிருக்கும் மனிதரின் அடைப்பை, எந்த இடத்தில், எவ்வளவு என்று கண்ணால் பார்க்கும் வழி இப்படித்தான் திறந்தது. இன்று ஆஞ்சியோ மேசையில் ‘இருமுங்கள்’ என்று மருத்துவர் சொல்லக் கேட்டால் சோன்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

அடைப்பைத் தாண்டி மாற்றுவழி போடும் பைபாஸுக்கு முன்பு இதயத்தில் அறுவை சிகிச்சையே இல்லையா?

இருந்தது, விதவிதமாக. 1935இல் கிளாட் பெக், மார்புத் தசையை இதயத்தின்மேல் ஒட்டி வைத்துப் புதிய ரத்தவழி முளைக்கிறதா என்று பார்த்தார். மான்ட்ரியலின் ஆர்தர் வைன்பெர்க், மார்புக்கூட்டின் உள்பக்கம் ஓடும் தமனியின் நுனியை இதயத் தசைக்குள்ளேயே சுரங்கம் தோண்டிப் புதைத்தார். 1950இல் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கினார். விசித்திரமாகத் தோன்றினாலும் சிலருக்கு அந்தத் தமனியிலிருந்து கிளைகள் முளைத்ததைப் பின்னாளில் சோன்ஸின் ஆஞ்சியோவே காட்டியது.

ஆனால் நின்று பார்க்க வேண்டிய கதை வேறொன்று. 1950களில் ஓர் எளிய அறுவை பரவியது. மார்புத் தமனி இரண்டையும் கட்டிவிட்டால் அதில் ஓடும் ரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்பது கணக்கு. மரத்துப்போகும் ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே சிறு கீறல் போட்டால் போதும். வலி போய்விட்டது என்று நோயாளிகள் மகிழ்ந்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின.

சியாட்டிலில் லெனார்ட் காப் என்பவருக்குச் சந்தேகம் வந்தது. 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டார். 8 பேருக்குத் தமனியைக் கட்டினார். 9 பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. முதல் ஆறு மாதத்தில், கட்டப்பட்ட 8 பேரில் 5 பேர் நன்றாகத் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். வெறுமனே கீறப்பட்ட 9 பேரிலும் 5 பேர் அதையே சொன்னார்கள். 1959இல் இது வெளியானது; மறுஆண்டு இன்னொரு குழுவும் இதேபோல் சோதித்து இதே முடிவுக்கு வந்தது. அந்த அறுவை அத்தோடு மறைந்தது. அந்த நோயாளிகள் யாரும் பொய் சொல்லவில்லை. நெஞ்சு வலி, நம்பிக்கைக்கு அவ்வளவு தூரம் செவி சாய்க்கும். பொய் அறுவை செய்தது முறையா என்று நெடுநாள் வாதாடினார்கள். பயனற்ற மெய் அறுவையை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்வது முறையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அப்படியானால் பைபாஸை முதலில் செய்தவர் யார்?

‘முதல்’ என்பதற்கு இங்கே பலர் வரிசையில் நிற்கிறார்கள். 1960 மே மாதம் நியூயார்க்கில் ராபர்ட் கெட்ஸ், மார்புத் தமனியை வலது மகுடத் தமனியோடு ஓர் உலோக வளையத்தால் இணைத்தார். சக மருத்துவர்களின் ஆதரவு கிடைக்கவில்லை, அதோடு விட்டுவிட்டார். 1964 பிப்ரவரியில் லெனின்கிராடில் வசிலி கொலெசொவ், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலேயே மார்புத் தமனியைத் தைத்து இணைத்தார். அதே ஆண்டு ஹூஸ்டனிலும் ஒரு குழு கால் சிரையை வைத்து இணைப்புச் செய்தது. ஆனால் 1973வரை அதை எழுதி வெளியிடவில்லை.

பைபாஸை எவரும் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய சிகிச்சையாக்கியவர் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினாவின் ஹசின்டோ அராவுஸ் என்ற கிராமத்தில் பன்னிரண்டு ஆண்டு வைத்தியம் பார்த்தவர். 1962இல், நாற்பதை நெருங்கும் வயதில், அரைகுறை ஆங்கிலத்தோடு கிளீவ்லாந்துக்குப் பயிற்சிக்கு வந்தார். பகலில் அறுவை அரங்கம். மாலையில் சோன்ஸ் எடுத்த ஆஞ்சியோ படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்த கண்ணுக்கு ஒன்று பிடிபட்டது: பலருக்கும் அடைப்பு தமனியின் தொடக்கத்தில்தான் இருக்கிறது, அதற்கு அப்பால் குழாய் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் அடைப்பை ஏன் தொட வேண்டும்? 1967 மே மாதம் 51 வயதுப் பெண்மணி ஒருவரின் கால் சிரையை எடுத்து வலது மகுடத் தமனியில் வைத்துத் தைத்தார். விரைவிலேயே பெருந்தமனியிலிருந்து அடைப்பைத் தாண்டி நேரே இணைக்கும் முறைக்கு மாறினார்.

இதற்கெல்லாம் அடித்தளம் இன்னொன்று. இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு ரத்தத்தை வெளியே சுழற்றும் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஜான் கிப்பன் 1953இல் பிலடெல்பியாவில் மனிதருக்கு முதன்முறையாக வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருந்தார். அது இல்லாவிட்டால் துடிக்கும் இதயத்தில் தைக்கத் தெரிந்த கொலெசொவ் போன்ற சிலரோடு கதை முடிந்திருக்கும்.

கால் சிரையை எடுத்துவிட்டால் காலுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆழத்தில் இருக்கும் வேறு சிரைகள் அந்த வேலையைச் செய்துகொள்ளும். சிலருக்குக் கொஞ்சநாள் வீக்கம் இருக்கும். சிக்கல் காலில் இல்லை, இதயத்தில்தான். சிரை தமனியின் அழுத்தத்துக்காகப் படைக்கப்பட்டதல்ல. ஆண்டுகள் போகப்போக அதுவும் அடைபடும். மார்புத் தமனி அப்படியல்ல, அபூர்வமாகத்தான் அடைபடும். 1986இல் கிளீவ்லாந்து குழு பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, இதயத்தின் முன்பக்கத் தமனிக்கு மார்புத் தமனி வைக்கப்பட்டவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். ஊரார் பேசாத கொலெசொவின் தேர்வு கடைசியில் சரியாகத்தான் போனது.

பலூன் வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

ஒரு மூதாட்டியின் காலிலிருந்து. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், கால் அழுகத் தொடங்கிய 82 வயதுப் பெண்மணி, காலை வெட்ட ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், தொடைத் தமனியின் அடைப்புக்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் தடிமன் கூடக்கூடிய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தி வழியை விரித்தார். கால் பிழைத்தது. பாட்டி கடைசிவரை சொந்தக் காலில் நடந்தார். அமெரிக்காவில் டாட்டரைக் ‘கிறுக்கு சார்லி’ என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். ஐரோப்பாவில் சிலர் காது கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் சூரிச்சின் ஆந்திரியாஸ் குருன்ட்ஸிக். தடித்த குழாயை உள்ளே தள்ளுவதைவிட, மெல்லியதாக உள்ளே போய், போன இடத்தில் உப்பி, பிறகு சுருங்கித் திரும்பி வரும் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். சாதாரண ரப்பர் பலூன் உதவாது. அது அடைப்பு இருக்கும் இடத்தில் இளைத்து, இல்லாத இடத்தில் புடைக்கும். எவ்வளவு காற்றடித்தாலும் குறித்த அளவைத் தாண்டாத, உருளை வடிவப் பலூன் வேண்டும். பகலில் மருத்துவமனை வேலை, இரவில் வீட்டுச் சமையலறை மேசை. மனைவியும், உதவியாளர் ஒருவரும், அவருடைய கணவரும் கூட இருக்க, பிவிசி குழாய்களைச் சூடாக்கி, ஊதி, பசை போட்டு ஒட்டி, வெடித்ததைத் தூக்கி எறிந்து, மறுபடி ஒட்டினார்கள். இந்தச் சமையலறையில் வெந்ததெல்லாம் பிளாஸ்டிக்தான். 1974இல் கால் தமனியில் முதல் வெற்றி.

1976இல் நாய்களின் இதயத்தில் செய்த சோதனையை மயாமி மாநாட்டில் சுவரொட்டியாக வைத்தார். பார்த்தவர்களில் பலர் நம்பிக்கையில்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், 38 வயது நோயாளி ஒருவர் விழித்திருக்கும்போதே அவருடைய முன்பக்கத் தமனியில் பலூனை இரண்டு முறை ஊதி இறக்கினார். ஏதாவது ஆகிவிட்டால் உடனே நெஞ்சைத் திறக்க அறுவைக் குழு பக்கத்தில் தயாராக நின்றது. தேவைப்படவில்லை. அதே ஆண்டு மாநாட்டில் முதல் நான்கு நோயாளிகளைப் பற்றி அவர் பேசியபோது, பேச்சு முடியும் முன்பே அரங்கம் கைதட்டியது.

குருன்ட்ஸிக்கிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பலூனைவிட அதற்குப் பின் அவர் நடந்துகொண்ட விதம். தோற்ற நோயாளிகளையும் மறைக்காமல் பதிவேட்டில் சேர்த்தார். மற்ற மருத்துவர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க நேரலையில் சிகிச்சை செய்து காட்டினார், தவறினால் எல்லோர் முன்பும் தவறட்டும் என்று. 1985இல், 46 வயதில், தானே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து இறந்தார்.

‘ஸ்டென்ட்’ என்பது என்ன சொல்?

விரித்த குழாய் மூடிக்கொள்ளாமல் உள்ளே வைக்கும் வலைக்கம்பிக் கூட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பல் மருத்துவரின் பெயர். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் பல் அச்செடுக்கும் பசை ஒன்றை உருவாக்கினார். முதல் உலகப் போரின்போது ஒட்டுத் தோலை அசையாமல் பிடித்து நிறுத்த அறுவை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், இதயத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பலூன் மட்டும் போதவில்லையா? ஸ்டென்ட் எதற்கு?

பலூனால் விரித்த குழாய் சில சமயம் அங்கேயே கிழிந்து மூடிக்கொண்டது. மூடாதவற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஆறு மாதத்துக்குள் மறுபடி சுருங்கியது. தூண் ஒன்று நிறுத்திவிட்டு வந்தால் என்ன? 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயெலும் சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித மகுடத் தமனியில் வலைக்கம்பிக் கூடுகளை வைத்தார்கள்.

பலூனோடு விரியும் வகையைக் கொடுத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த ஹூலியோ பல்மாஸ். 1978இல் குருன்ட்ஸிக்கின் பேச்சைக் கேட்டவர், பூச்சு வேலைக்குச் சுவரில் அடிக்கும் உலோக வலையைப் பார்த்து அதன் வடிவத்தைப் பிடித்தார். பெரிய நிறுவனங்கள் கைவிரித்தபோது பணம் போட்டவர் ஓர் உணவக முதலாளி.

முதலில் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்தது. கடுமையான உறைவு எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்தால் ரத்தம் கசிந்தது. இத்தாலியின் அன்டோனியோ கொலம்போ, ஸ்டென்ட்டை அதிக அழுத்தத்தில் சுவரோடு நன்றாகப் பதித்தால் போதும் என்று காட்டினார். ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது 1996வாக்கில் உறுதிப்பட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களிடம் ‘இந்த இரண்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்’ என்று அடித்துச் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

மருந்து தடவிய ஸ்டென்ட்டில் என்ன மருந்து?

வெறும் உலோகத்தைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து மறுபடி வழியை மூடும். அதைத் தடுக்கும் மருந்து கிடைத்த இடம் ஈஸ்டர் தீவு. 1964இல் அங்கே சென்ற கனடா மருத்துவக் குழு எடுத்து வந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரி அதைச் சுரந்தது. தீவின் சொந்தப் பெயரான ‘ராப்பா நுயி’யை ஒட்டி ராப்பாமைசின் என்று பெயர். பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர் சுரேந்திர நாத் சேகல். மான்ட்ரியல் ஆய்வகத்தை மூடியபோது, நிறுவனத்துக்கு அந்த மருந்தில் ஆர்வம் இல்லாத நிலையில், அந்த நுண்ணுயிரியை வீட்டுக்குக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைத்துக் காத்தார். பின்னால் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாயிற்று. 1999 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் எட்வர்டோ சோசா அதைப் பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலில் மனிதருக்கு வைத்தார்.

மறுஅடைப்பு பெருமளவு குறைந்தது. 2006இல் ஒரு கலக்கம்: ஓராண்டுக்குப் பிறகும் சிலருக்குத் திடீரென ரத்தம் உறைகிறது என்ற செய்தி. கம்பியை மெல்லியதாக்கி, பூச்சை மாற்றிய அடுத்த தலைமுறை வந்து அதைத் தணித்தது. வேலை முடிந்ததும் கரைந்து போகும் ஸ்டென்ட் என்று பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, உறைவு அதிகம் என்று தெரிந்து, 2017இல் விற்பனையிலிருந்து போய்விட்டது. நல்ல யோசனைகள் எல்லாமே நல்ல சிகிச்சையாவதில்லை.

மாரடைப்பு நேரத்தில் கொடுக்கும் ‘கரைக்கும் ஊசி’ எப்போது வந்தது?

அந்த மருந்து 1933இலிருந்தே கையில் இருந்தது: ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஆனால் தமனியில் இருக்கும் ரத்தக்கட்டி மாரடைப்புக்குக் காரணமா, விளைவா என்றே பல பத்தாண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1980இல் மார்கஸ் டிவுட், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார். முதல் நான்கு மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குத் தமனி முற்றாக மூடியிருந்தது. வாதம் முடிந்தது.

1986இல் இத்தாலியில் ஏறத்தாழ 11,800 பேரிடம் நடந்த ஆய்வில் அந்த ஊசி இறப்பை 13 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதமாகக் குறைத்தது. சீக்கிரம் போட்டவர்களுக்குப் பலன் அதிகம். 1988இல் 17,187 பேரிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு, ஆஸ்பிரினும் ஏறக்குறைய அதே அளவு உயிரைக் காக்கிறது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம் என்று காட்டியது. அந்த ஆய்வை வெளியிடும்போது நோயாளிகளைச் சிறுசிறு பிரிவாகப் பிரித்துக் காட்டும்படி கேட்டார்கள். எரிச்சலடைந்த ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்: மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலிக்கவில்லை! கணக்கைத் துண்டு போட்டுக்கொண்டே போனால் எதையும் நிரூபிக்கலாம் என்பதற்கான கிண்டல் அது. எந்த ராசியானாலும் மருத்துவர் சொன்னால் ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள்.

1993 முதல் வந்த ஆய்வுகள், விரைவாகச் செய்ய வசதி இருந்தால் ஊசியைவிட உடனடி பலூனே மேல் என்றன. நெஞ்சு வலித்தால் மணிக்கணக்கில் வீட்டில் பொறுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு நிமிடத்துக்கும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு வலியே இல்லை. ஆஞ்சியோவில் 70 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டால் இனி மாரடைப்பு வராதுதானே?

இந்தப் பக்கத்தைத் தேடி வருபவர்களில் பலரும் கேட்க நினைப்பது இதுதான். பதில் பலருக்கும் பிடிப்பதில்லை. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு விஷயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாரடைப்புகள், வழியை அதிகம் குறுக்காத, ஆஞ்சியோவில் ‘சின்ன அடைப்பு’ என்று விடப்படும் இடங்களில் கொழுப்பின் மேல்தோல் கிழிவதால் வருகின்றன. ஸ்டென்ட் தான் நிற்கும் ஓரிரு சென்டிமீட்டரைக் காக்கும். நோய் குழாய் முழுவதும் இருக்கிறது.

2007இல் கரேஜ் என்ற ஆய்வு, நிலையான நெஞ்சு வலி உள்ள 2,287 பேரில் பாதிப் பேருக்கு நல்ல மருந்து, மீதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட் என்று கொடுத்துப் பார்த்தது. இறப்பிலும் மாரடைப்பிலும் வித்தியாசம் இல்லை. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரை எடுத்துக்கொண்டது. இறப்பு விஷயத்தில் அதே முடிவு. வலி இருந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது, அது ஸ்டென்ட்டின் நிஜமான பலன்.

அந்த வலிக் குறைவிலும் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு? 1959இல் காப் கேட்டதை 2017இல் பிரிட்டனில் ஆர்பிட்டா குழு மறுபடி கேட்டது. 200 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டென்ட். மறுபாதிக்கு மேசையில் மயக்கி வைத்து ஒன்றும் செய்யாமல் எழுப்பினார்கள். மருந்துகளை முழுமையாகக் கொடுத்திருந்த நிலையில், ஆறு வாரத்துக்குப் பிறகு நடைத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் வைப்பவர்கள் கொதித்தார்கள். அதே குழு 2023இல், வலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் செய்தபோது ஸ்டென்ட் வலியைத் தெளிவாகவே குறைத்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

கவனம்: இவையெல்லாம் நிலையான நோய்க்கு. மாரடைப்பு நடக்கும்போதும், இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது மூலத் தமனியில் பெரிய அடைப்பு இருக்கும்போதும் கணக்கு முற்றிலும் வேறு. இந்த வரிகளைக் காட்டி மருத்துவமனையில் சண்டை போடாதீர்கள்.

பைபாஸ் நல்லதா, ஸ்டென்ட் நல்லதா?

ஓரிரு இடத்தில் எளிய அடைப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டென்ட். மூன்று குழாய்களிலும் சிக்கலான அடைப்பு இருந்தாலோ, அதோடு சர்க்கரை நோயும் இருந்தாலோ பைபாஸ் முந்துகிறது. 2012இல் 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஃப்ரீடம் ஆய்வு அதைக் காட்டியது. காரணம் எளியது. பைபாஸ் அடைப்பின் வெகுதூரத்துக்கு அப்பால் போய்ச் சேர்கிறது. நடுவில் நாளை புதிதாகக் கிழியப்போகும் இடத்தையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறது.

குழாய் முழுவதும் நோய் என்றால் அதற்கு என்ன மருந்து?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள். பூஞ்சைகள் தம் எதிரிகளைத் தடுக்கக் கொலஸ்ட்ரால் உற்பத்தியை முடக்கும் பொருள் எதையாவது சுரக்கக்கூடும் என்று டோக்கியோவில் அகிரா எண்டோ ஊகித்தார். 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து 1973இல் முதல் ஸ்டாட்டினைப் பிடித்தார். இன்னொரு நிறுவனத்தின் லோவாஸ்டாட்டின் 1987இல் கடைக்கு வந்தது. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் இறப்பை 30 சதவீதம் குறைத்தது. படத்தில் அடைப்பை மறையச் செய்து காட்டும் மருந்தல்ல இது. கொழுப்பின் மேல்தோலைக் கெட்டிப்படுத்திக் கிழியாமல் காப்பதில்தான் அதன் பலன் பெரிது. கண்ணுக்குத் தெரியாத பலன் என்பதால்தான் ஸ்டென்ட்டைப் பெருமையாகச் சொல்பவர்கள் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்.

அடைப்பைக் கரைக்கும் சொட்டு மருந்து, சாறு என்று விளம்பரம் வருகிறதே?

சாறுகள் எதுவும் மேலே சொன்னதுபோன்ற சோதனையில் தேறியதில்லை. ஈடிடிஏ எனப்படும் சொட்டு மருந்து சுண்ணாம்பை இழுத்து அடைப்பைத் திறக்கும் என்ற பேச்சு 1950களிலிருந்தே உண்டு. 2013இல் வந்த ஆய்வு ஒன்றில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறு பலன் தென்பட்டது. அதை உறுதிசெய்ய அவர்களிடமே மறுபடி நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில் பலன் இல்லை.

பலூனால் விரித்த குழாய் எவ்வளவு நாள் தாங்கும்?

மூன்றில் ஒன்று ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை என்று மேலே பார்த்தோம். குருன்ட்ஸிக்கின் முதல் நோயாளிக்கு ஸ்டென்ட் கிடையாது. மருந்துப் பூச்சு கிடையாது. சமையலறையில் ஒட்டிய பலூன் மட்டும்தான். 23 ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், அவருக்கு மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். குருன்ட்ஸிக் மறைந்து அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விரித்த இடம் திறந்தே இருந்தது.